கூரைக்கு முந்திய விருந்து

ரதோய்கா வேலைக்காலம் முழுவதும் மொராவா ஆற்றங்கரை ரயில்வே கேட்டில் கேட் கீப்பராக இருந்தவள். தாமதம் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் எவ்வளவு தாமதமானாலும் ரயில் அதே தண்டவாளத்தில்தான் வந்தாக வேண்டும். அவள் வீட்டைக் கட்ட வந்த மேஸ்திரி திகோமிருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அவனுக்குப் பத்து ஊர் இருந்தது, பத்து ஊருக்கும் பாதை இருந்தது.

வீட்டைத் தொடங்கியது அவள் கணவர் தோப்ரிவோயே. பழைய வீட்டை இடித்துவிட்டு இருவரும் முற்றத்து ஓரத்தில் இருந்த கோடைச் சமையலறைக்குக் குடிபோனார்கள். ஒரே ஒரு கோடைக்குத்தான் என்று பேச்சு. உள்ளே ஒரு அடுப்பு, ஒரு மேசை, ஒரு கட்டில். ஒருவர் நடக்க வேண்டுமென்றால் மற்றவர் படுத்துக்கொள்ள வேண்டும். கோடைகள் போயின, சுவர்கள் எழும்பின, கூரை மட்டும் வரவில்லை. ஏப்ரல் மாதம் வெங்காயப் பாத்தியில் குனிந்த தோப்ரிவோயே நிமிரவில்லை.

மகள் நெவேனா நோவி சாத் நகரத்தில் பாலம் கட்டும் இன்ஜினியர். முன்பே அளந்து பேசுகிறவள், அப்பா போன பிறகு அதிலும் பாதியைக் குறைத்துவிட்டாள்.

"அம்மா, பனி விழறதுக்குள்ள கூரை வரணும். வரலேன்னா நீ என்கூட ஃபிளாட்டுக்கு வந்துடணும்."

"சரிம்மா" என்றாள் ரதோய்கா. அழுது களைத்திருந்த நேரம், என்ன கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். பிறகுதான் உறைத்தது. மகளின் ஃபிளாட் ஏழாவது மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொருவர் ஜன்னல். கோழிக்கும் இடமில்லை, வெங்காயத்துக்கும் இடமில்லை. சொன்ன சொல்லை மாற்றுவது மட்டும் அவளுக்குப் பழக்கமில்லை.

கைமரங்களும் ஓடுகளும் முற்றத்தில் அடுக்கியாயிற்று. திகோமிரின் கலவை மெஷின்கூட அங்கேதான் நின்றது. மெஷினை விட்டுப் போகிற மேஸ்திரி திரும்பி வருவான் என்பது ஊர் நம்பிக்கை. ஜூன் மாதம் முழுக்க ரதோய்கா அந்த நம்பிக்கையில் இருந்தாள். ஜூலையில் அவளுடைய சாம்பல் கோழி மெஷினுக்குள் முட்டையிட ஆரம்பித்தது. முட்டைகளைக் கூடையில் போட்டு, 'உங்கள் மெஷின் உற்பத்தி' என்று சொல்லி, திகோமிர் வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். கூடை திரும்பி வந்தது, மேஸ்திரி வரவில்லை.

போன் அடித்தால் எடுப்பான். அதில் குறை சொல்ல முடியாது.

"வழியில இருக்கேன் அக்கா!"

"எந்த வழியில?"

"உங்க வழியிலதான். இன்னிக்கு மட்டும் முடியாது. எங்க வீட்டுப் புனிதர் திருநாள்."

அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு புனிதர்தான், வருடத்துக்கு ஒரு திருநாள்தான். திகோமிர் அந்தக் கோடையில் மட்டும் மூன்று புனிதர்களைக் கொண்டாடிவிட்டான். மூன்றாவது முறை ரதோய்காவே கேட்டுவிட்டாள்.

"திகோமிர், டிசம்பர்ல வர்ற நிக்கோலாஸ்தானே உங்க புனிதர்? ஆகஸ்ட்லயே வந்துட்டாரா? வெயிலைத் தாங்குறாரா பாவம்?"

"அக்கா, இது பொண்டாட்டி வீட்டுப் புனிதர்."

உண்மையில் அவன் எங்கே இருக்கிறான் என்பது ரதோய்காவுக்குத் தெரியும். பக்கத்து ஊரில், வியன்னாவில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவனுடைய மாளிகையில். அதன் வாசலில் இரண்டு சிமெண்ட் சிங்கங்கள் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டன. சிங்கங்களுக்குத் தலைக்கு மேல் ஓடு போட்ட வளைவுகூட வந்துவிட்டது.

அக்டோபரில் நெவேனா போன் செய்தாள். "சனிக்கிழமை வர்றேன். அட்டைப்பெட்டி எடுத்துட்டு வர்றேன்."

ரதோய்கா போனை வைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றாள். கூரையில்லாத நான்கு சுவருக்குள் மழைத்தண்ணீர் தேங்கி, வாத்துகள் நீந்தின. அவளுக்குத் தன் கேட் நினைவுக்கு வந்தது. இளம் வயதில் ஒரு நாள் ரயில் போய் முடிந்த பிறகும் அவள் கேட்டைத் தூக்கவில்லை. அந்தப் பக்கம் டிராக்டரில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான், காது இரண்டும் வெயிலில் சிவந்து. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று தோன்றியது. "ரயில் போயிடுச்சே?" என்றான் அவன். "இன்னொண்ணு வருது" என்றாள். எதுவும் வரவில்லை. அந்த ஆள்தான் தோப்ரிவோயே. ஒருவனை நிறுத்த வேண்டுமானால் அவன் பின்னால் ஓடக் கூடாது, அவன் போகிற பாதையைச் சாத்த வேண்டும்.

நேராகக் கடைக்குப் போனாள். கடைக்காரி ரோசந்தாவிடம் ஒரு விஷயம் சொன்னால் போதும், தேவாலய மணி அடிக்கத் தேவையில்லை.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல முகட்டுச் சட்டை. எல்லாரும் வரணும்."

ரோசந்தா தராசை அப்படியே விட்டுவிட்டாள். வீட்டுக் கூரையின் முகட்டுமரம் ஏறிய அன்று ஊரார் ஆளுக்கொரு சட்டையோ துண்டோ கொண்டுவருவார்கள். அதை முகட்டில் கட்டித் தொங்கவிட்டு, கொடுத்தவர் பெயரை மேஸ்திரி மேலிருந்து கூவி வாழ்த்துவான். அத்தனையும் மேஸ்திரிக்கே.

"அப்போ முகடு ஏறிடுச்சா?"

"ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேன்ல" என்றாள் ரதோய்கா. பொய் சொல்லவில்லை. கிழமையைத்தான் சொன்னாள்.

மறுநாளே திகோமிர் போன் செய்தான். அவனாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அக்கா, பாதிரியார் நடுத்தெருவுல என் கையைப் பிடிச்சுக் குலுக்குறார். எந்த முகடு?"

"நீ ஏத்துன முகடுதான்."

"நான் எங்க ஏத்துனேன்?"

"அப்படியா? அதை ஊர்ல சொல்லிடு. முதல்ல உன் பொண்டாட்டி மிலேவாகிட்ட சொல்லு. கோடை பூரா நீ என் கூரைமேலதான் ஏறி நின்னேன்னு காலையில எங்கிட்ட பெருமைப்பட்டா. ஞாயித்துக்கிழமை வால்நட் கேக் கொண்டு வர்றாளாம், அக்காளையும் கூட்டிட்டு வர்றாளாம்."

வியன்னாக்காரன் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி, அவன் தரும் குளிர்ந்த பீரைப் பற்றி, மிலேவாவுக்கு எதுவும் தெரியாது.

"அக்கா" என்றான் கடைசியில், "நீங்க கேட் கீப்பரா இருந்திருக்கக் கூடாது. போலீஸ்ல இருந்திருக்கணும்."

வெள்ளிக்கிழமை விடியும்போது முற்றத்தில் வேன் நின்றது. சிங்க வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தான். யாரும் காப்பிக்குக்கூட உட்காரவில்லை. வாத்துகளைத் துரத்தினார்கள், சாரம் கட்டினார்கள், கைமரங்களை ஏற்றினார்கள். சனிக்கிழமை மதியம் முகட்டுமரம் மேலே போனபோது நெவேனாவின் கார் வந்தது. பின்சீட்டு முழுக்க மடித்த அட்டைப்பெட்டிகள்.

அவள் இறங்கி, கூரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

"கிழக்குப் பக்கம் ரெண்டு விரக்கடை தாழ்ந்திருக்கு."

"யம்மா, கீழேருந்து பார்த்தா யாருக்கும் தெரியாது" என்றான் திகோமிர்.

"எனக்குத் தெரியும். எங்கப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கும்."

திகோமிர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு ஆணியைப் பிடுங்கச் சொன்னான். இருட்டுவதற்குள் முகடு நேரானது.

ஞாயிற்றுக்கிழமை ஊர் வந்தது. துக்க வருடம் முடியாததால் பாட்டு இல்லை. பன்றி இருந்தது, ரக்கியா சாராயம் இருந்தது, மிலேவாவின் கேக் இருந்தது. திகோமிர் முகட்டில் கால் அகட்டி உட்கார்ந்திருந்தான். கீழே ரதோய்கா ஒவ்வொரு சட்டையாகக் கயிற்றுக் கொக்கியில் மாட்டி, கொடுத்தவர் பெயரைச் சொன்னாள். அவன் இழுத்துக் கட்டிவிட்டுக் கூவினான்.

"இது கடைக்கார ரோசந்தா குடுத்த துண்டு! கடவுள் அவங்களுக்கு ஆயுசு குடுக்கட்டும், தராசுக்கு வெக்கம் குடுக்கட்டும்!"

"முதல்ல உனக்குக் குடுக்கட்டும்டா!" என்று ரோசந்தா கத்தினாள்.

"இது பாதிரியார் குடுத்த சட்டை! அவரோட பிரசங்கம் இந்தச் சட்டைக் கை மாதிரி குட்டையாகட்டும்!"

எல்லாச் சட்டையும் போன பிறகு ரதோய்கா கோடைச் சமையலறைக்குள் போய் ஒன்றை எடுத்து வந்தாள். நீலக் கோடு போட்டது, கடை மடிப்புக் கலையாதது, குண்டூசிகூட எடுக்காதது. அஸ்திவாரம் போட்ட வருடம் தோப்ரிவோயே இந்த நாளுக்காக வாங்கி வைத்தது. அப்போது திகோமிர் ஒல்லியாக இருந்தான்.

"தோப்ரிவோயே" என்றாள், மற்றப் பெயர்களைச் சொன்ன அதே குரலில்.

திகோமிர் இழுத்தான், கட்டினான், மூச்சை நிரப்பிக் கூவினான்.

"இது வீட்டுக்காரர் தோப்ரிவோயே குடுத்த சட்டை! கடவுள் அவருக்கு ஆயுசைக் குடுக்கட்டும், இந்தக் கூரைக்குக் கீழ பேரன் கல்யாணத்துல முதல் ஆளா ஆடட்டும்!"

வாய்ப்பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதில் விழுந்தது. முகட்டுமரத்தை இறுகக் கட்டிக்கொண்டான். கீழே யாரும் மெல்லவில்லை. மிலேவா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரதோய்கா மேலே பார்த்தாள்.

"முதல் ஆளாவா?" என்றாள். "உயிரோட இருந்தப்பவே அந்த மனுஷன் என் காலை மிதிச்சுட்டுத்தான் ஆடுவாரு. கடைசி ஆளா ஆடட்டும்னு மாத்திச் சொல்லு!"

முதலில் சிரித்தது நெவேனா. ஏப்ரலுக்குப் பிறகு அவள் சிரித்து யாரும் பார்க்கவில்லை. பிறகு ஊரே சிரித்தது. அந்தச் சத்தத்தில் நெவேனா எழுந்து கலவை மெஷினுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கையில் ஒரு முட்டையோடு திரும்பி வந்தாள்.

சாயங்காலம் திகோமிர் சட்டைகளை அவிழ்க்கப் போனான். ஏணியைக் காணவில்லை.

"ஓடு போட்டுட்டு இறக்கிக்கோ" என்றாள் ரதோய்கா.

"அக்கா, வழக்கம் அப்படி இல்ல!"

"முகடு ஏறின பிறகுதான் விருந்துக்குக் கூப்பிடணும். அதுவும்தான் வழக்கம்."

நெவேனா அம்மாவை ஓரமாக அழைத்துப் போனாள். "முகடு கூரையாகாது, அம்மா."

"பனி விழுந்துடுச்சா?"

"இல்ல."

"அப்போ பெட்டி இங்கேயே இருக்கட்டும்."

வாரம் முழுக்கச் சட்டைகள் மழையில் நனைந்து காற்றில் படபடத்தன. ஊரின் எந்த மூலையிலிருந்தும் தெரிந்தன. தான் கொடுத்த சட்டை நிறம் போவதை ஒவ்வொரு வீட்டாரும் பார்த்தார்கள், திகோமிரை எங்கே கண்டாலும் கேட்டார்கள். ரோசந்தா அவனுக்கு சிகரெட் கொடுப்பதற்கு முன் ஓடு எப்போது என்று கேட்டாள். சிங்க வீட்டுக்காரனே, வேறு தொல்லை வேண்டாமென்று, "போய் அதை முடிச்சுட்டு வா" என்று அனுப்பி வைத்தான்.

நவம்பரில் நெவேனா வந்த அன்று பனி பூவாக விழத் தொடங்கியிருந்தது. புது ஓடுகளின் மேல் விழுந்து கரைந்தது. கோடைச் சமையலறையின் அடுப்பு புது வீட்டுக்குள் மாறியிருந்தது. முற்றத்தில் திகோமிர், நீலக் கோடு போட்ட சட்டையோடு, நின்றான். கழுத்துப் பொத்தானும் வயிற்றுப் பொத்தான்களும் சேரவில்லை. ஆனாலும் போட்டிருந்தான்.

"அக்கா, மெஷினை எடுத்துக்கட்டுமா?"

"பூச்சு வேலை யாரு செய்யுறது? அதோட, கோழி அடை காக்குதுப்பா. பாவம், எழுப்பாதே."

திகோமிர் எட்டிப் பார்த்தான். கோழி உட்கார்ந்திருந்தது. நவம்பரில் எந்தக் கோழி அடை காக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே வெறும் வேனை ஓட்டிக்கொண்டு போனான். முதலில் அவனுடைய வேன் வீட்டை நோக்கித் தெருமுனையில் திரும்பியபோதே அம்மா கோழியைத் தூக்கி மெஷினுக்குள் வைத்ததைக் கார் கண்ணாடி வழியாக நெவேனா பார்த்திருந்தாள். சொல்லவில்லை.

மறுநாள் அவள் கிளம்பினாள். அட்டைப்பெட்டிகள் அத்தனையும் பின்சீட்டில் ஏறின, ஒன்றுகூடக் காலியாக இல்லை. சுட்டரைத்த குடமிளகாய் ஜாடிகள், பிளம் ஜாம், வெங்காயம், தாளில் சுற்றிய முட்டைகள்.

"ஏழாவது மாடிக்கு இதை எப்படித் தூக்கிட்டுப் போறது?"

"லிஃப்ட் இருக்குல்ல?" என்றாள் ரதோய்கா. "அதுவும் கேட் மாதிரிதான். சாத்தினா போதும், போகும்."