விடுமுறை நாளில் சொன்ன சொல்

கெடா மாநிலத்தில் செமிலிங் பக்கத்தில் ஒரு தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. வரிசை வீடுகள். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த வீட்டில் மூன்று பேர்: நாற்பது வயதைத் தொட்ட ஒருவர், அவருடைய மனைவி, அவருடைய அப்பா. பெரியவர் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர். இனிப்பு நீர் வியாதியில் இடது காலில் ஒரு புண் வந்து ஆறாமல் இருந்தது.

நான் அரசாங்கக் கிளினிக்கில் நர்ஸ். புண் கட்டும் அறைதான் எட்டு வருடமாக என் இடம். ஞாயிறு, செவ்வாய், வியாழன் என்று வாரத்தில் மூன்று நாள் பெரியவர் வருவார். வேறு நர்ஸ் சும்மா இருந்தாலும், "பரவால்ல, நான் மிஸி வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்" என்பார். தோட்டத்து ஆட்கள் நர்ஸை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய துணியை உரிக்கும்போது வலிக்காமல் இருக்க, உப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து மெதுவாக எடுப்பேன். அது எனக்கு நன்றாக வரும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவர் மகனோடுதான் ஒத்துவரவில்லை. அந்த மகன் தன் காரை, எங்கள் பேச்சில் காடியை, எங்கள் கேட்டை மறித்து நிறுத்துவார். சொன்னால் எடுப்பார். அடுத்த வாரம் மறுபடியும் அங்கேயே நிற்கும். மூன்று வருடம் இப்படியே போனது.

அன்று சனிக்கிழமை. கெடாவில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. பாடாங் மேஹாவில் என் அண்ணன் வீட்டில் எங்கள் அப்பாவுக்குத் தெவசம். பதினோரு மணிக்குப் படையல். நான் வந்துதான் விளக்கேற்ற வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். புடவை கட்டி, வடைக்கு ஊறவைத்த பருப்பை அரைத்து ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், கேட்டுக்குக் குறுக்கே அந்த வெள்ளைக் காடி.

ஹாரன் அடித்தேன். கேட்டைத் தட்டினேன். போன் செய்தேன். இருபது நிமிடம் யாரும் வரவில்லை. உள்ளே டிவி சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெரியவர் மட்டும் வாசல் நாற்காலியில் கட்டுப்போட்ட காலை ஒரு ஸ்டூலில் வைத்து உட்கார்ந்திருந்தார். "சாவி அவன்கிட்ட இருக்கும்மா, குளிக்கிறான்" என்றார் சங்கடத்தோடு.

பிறகு மகன் வந்தார். கைலி கட்டி, தலையைத் துவட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"என்ன அக்கா, காலையிலேயே ஹாரன்? கொஞ்சம் சாபார் லா."

பொறுமையாக இருங்கள் என்கிறார். மூன்று வருடம் பொறுத்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் எனக்குள் திரண்டு வந்தது. கத்தினேன். என்னென்னவோ சொன்னேன், பாதி நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. அதை மறக்க முடியாதபடி பிறகு எத்தனையோ பேர் எனக்குப் போட்டுக் காட்டினார்கள்.

"உங்க அப்பா காலைத் தூக்கிக்கிட்டு நாளைக்கு எங்கிட்டதானே வரணும்? வரட்டும். அப்ப காட்டுறேன் நான் யாருன்னு."

சொல்லும்போது மகன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் நான் திரும்பவே இல்லை. மருமகள் கதவோரத்தில் போனைத் தூக்கிப் பிடித்திருந்ததையும் கவனிக்கவில்லை.

பாடாங் மேஹா போய்ச் சேர்ந்தபோது படையல் முடிந்து இலை எடுத்துவிட்டார்கள். நான் அரைத்த பருப்பை அண்ணி வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்தார்.

மருமகள் அந்த வீடியோவைத் தாமான் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். அங்கிருந்து யாரோ எடுத்து முகநூலில் போட்டு, நான் எந்தக் கிளினிக் என்றும் எழுதிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளினிக்குக்குள் நுழையும்போதே எல்லாரும் ஒருமாதிரி பார்த்தார்கள். தலைமை நர்ஸ், மலாய்க்கார அம்மா, என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எங்கள் தமிழ் அவருக்குப் புரியாது. யாரோ மலாயில் வரிக்கு வரி எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"இது நீங்கள்தானே?"

"ஆமாம். ஆனால் அது விடுமுறை நாள். என் வீட்டு வாசல். நான் யூனிஃபார்மில்கூட இல்லை."

அவர் திட்டவில்லை. அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "வீட்டு வாசலில் நின்று நீங்கள் எந்த இடத்தைப் பற்றிப் பேசினீர்கள்? இந்தக் கிளினிக்கைப் பற்றித்தானே?"

அந்த வரிகளை நானே ஒருமுறை படித்தேன்.

மகன் எழுத்து மூலம் புகார் கொடுத்துவிட்டார். கிளினிக்கோடு அது நிற்கவில்லை. நர்ஸுகளைப் பதிவு செய்யும் வாரியத்துக்கும் நகல் போயிருந்தது. விசாரணை முடியும்வரை நோயாளிகளைத் தொடக்கூடாது என்று என்னைப் பதிவு அட்டைகள் இருக்கும் கௌண்டருக்கு மாற்றினார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: புகார் கொடுத்தவரோடும் அவர் குடும்பத்தோடும் எந்த வகையிலும் பேசக்கூடாது. மன்னிப்புக் கேட்கக்கூடப் போகக்கூடாது, மிரட்டப் போனதாக ஆகிவிடும்.

"வாரியத்தில் என்ன செய்வார்கள்?" என்று எங்கள் நர்ஸுகள் சங்கத்துக்காரரிடம் கேட்டேன்.

"எச்சரிக்கையோடு விட்டாலும் விடலாம். கொஞ்ச காலம் லைசென்ஸை நிறுத்தினாலும் நிறுத்தலாம். பேரை எடுத்தாலும் எடுக்கலாம். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது அக்கா. நீங்க வாயைத் திறக்காம இருங்க, அது போதும்."

வாயைத் திறக்காமல் இருந்தேன். ஆனால் இருந்தது அதே வீட்டில். ஒரே சுவர். பெரியவர் இருமினால் எங்கள் கூடத்தில் கேட்கும். வெளியே போக வேண்டுமென்றால் அவருடைய நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் வாரம் அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு காடியில் ஏறிவிட்டேன். பிறகு அவர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துணி காயப் போட முன்பக்கம் போவதை நிறுத்தினேன். முன் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு சமைத்தேன்.

என் கணவர் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "அவன் செஞ்சது தப்புதான். ஆனா நீ அவனைத் திட்டியிருக்கலாம், அடிச்சிருந்தாக்கூட நான் உன் பக்கம் பேசியிருப்பேன். அந்தக் காலை ஏன் பேச்சுல இழுத்தே?"

பீடோங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் எதிரே உட்கார்ந்த ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாகச் சொன்னார்: "மிஸி வந்திருக்காங்க, பார்த்துப் பேசு லா. கோவிச்சுக்கிட்டா ஊசியை மாத்திப் போட்டுருவாங்க." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒன்று சொல்வார்கள் என்று பயந்து சிரித்தேன். அதன் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் நான் போகவில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கௌண்டரில் அட்டைகளை அடுக்கும் வேலை எனக்கு. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது கையிலேயே தெரியும். பெரியவரின் அட்டை அந்த ஞாயிறு எடுக்கப்படவில்லை. செவ்வாயும் எடுக்கப்படவில்லை. வேறு கிளினிக்குக்குப் போகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துத் திரை ஓரமாகப் பார்த்தேன். காலில் நான் கட்டிய அதே கட்டு, நுனி பழுப்பேறிப் பிரிந்திருந்தது. இரண்டாவது வாரம் அது இல்லை. பழைய கைலித் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். அந்தக் காலில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தத் தாமானில் என்னைப்போல் அதைத் தெரிந்தவர் வேறு யாருமில்லை.

பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் தலைமை நர்ஸிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குத் தடை எதுவும் இல்லை. நான் சொல்லவில்லை. ஒளிந்திருந்து பார்க்கிறாயா என்று கேட்பார்களோ, அதையும் புகாரில் சேர்ப்பார்களோ என்று பயம். லைசென்ஸ், லைசென்ஸ் என்று அதே நினைப்பு. ஒரு வாரம் முழுக்க அந்தத் துணியைத் திரை ஓரமாகப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். ஆனாலும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை தாங்க முடியாமல் போய்ச் சொன்னேன். தலைமை நர்ஸ், "எத்தனை நாளாகத் தெரியும்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் போனை எடுத்தார். அன்று மத்தியானமே வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸ் இருவர் போனார்கள். அங்கிருந்தே பெரியவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

வாரியத்தின் விசாரணை அலோர் ஸ்டாரில் நடந்தது. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நானும் சங்கத்துக்காரரும். என்ன சொல்ல வேண்டும் என்று அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அப்பாவின் தெவசம், மூன்று வருடத் தொல்லை, எட்டு வருடத்தில் ஒரு புகார்கூட இல்லாத வேலை. எல்லாவற்றையும் மலாயில் ஒழுங்காகச் சொன்னேன். பிறகு வீடியோவைப் போட்டார்கள். அந்தப் பெரிய அறையில் என் குரல் யாரோ ஒருத்தியின் குரல்போல் கேட்டது. திரையில் என் தோளுக்குப் பின்னால் பெரியவர் தெரிந்தார். போனில் பார்த்தபோதெல்லாம் எனக்கு அது கண்ணில் படவில்லை. நான் அந்த வார்த்தையைச் சொன்னதும் அவர் ஸ்டூலில் இருந்த காலை மெல்ல எடுத்துத் தரையில் வைத்துப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

மூவரில் நடுவில் இருந்த அம்மா கேட்டார்: "அதற்குப் பிறகு அந்த நோயாளி கிளினிக்குக்கு வந்தாரா?"

"இல்லை."

"ஏன் வரவில்லை?"

மகன் அழைத்து வரவில்லை என்று சொல்லலாம். அதுவும் பொய்யில்லை. சங்கத்துக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார்" என்றேன்.

அந்த அம்மா எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் சங்கத்துக்காரர், "நீங்களே உங்க கழுத்தில கத்தி வச்சுக்கிட்டீங்க அக்கா" என்றார்.

கடிதம் வர ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் தபால்காரர் மோட்டார் சத்தம் கேட்டால் திரை ஓரமாகப் போய் நிற்பேன். லைசென்ஸை எடுக்கவில்லை. கடுமையான எச்சரிக்கை என்று எழுதி, அது என் பதிவேட்டில் இருக்கும் என்றும் சொல்லியிருந்தார்கள். சுகாதார இலாகா என்னை ஜித்ராவில் வேறு கிளினிக்குக்கு மாற்றியது. கடிதத்தைப் படித்து முடித்தபோது மகிழ்ச்சி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.

இனிமேல் பேசலாம் என்று ஆனதும், ஒரு சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுக் கேட்டில் போய் நின்றேன். மகன் வீட்டில் இல்லை. பெரியவர் அதே நாற்காலியில் இருந்தார், பக்கத்தில் ஊன்றுகோல்.

"ஐயா, நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க."

"நீ அப்படிச் செய்யமாட்டேன்னு எனக்குத் தெரியும் மிஸி."

"அப்புறம் ஏன் வரல ஐயா?"

"தெரியும். ஆனா கத்தரிக்கோல் உன் கையில இருக்கும். நான் படுத்திருப்பேன். அந்த நேரத்துல நெஞ்சு கேக்காதும்மா." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "மவனுந்தான் போவாதேன்னான். அவன் மேல மட்டும் பழி போட முடியாது. நானே போவலன்னுட்டேன்."

மூன்றாவது வாரம்வரை நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னேன். அவர், "ம்" என்றார். அவ்வளவுதான். சரி என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. நானும் எதிர்பார்த்து நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜித்ராவில் வாரம் ஐந்து நாள் ஒரு வாடகை அறையில் தங்குகிறேன். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. சேர்ந்த முதல் நாளே அங்குள்ள தலைமை நர்ஸிடம் நானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுவிட்டு, என்னைக் குழந்தைகளுக்கு ஊசி போடும் அறையில் போட்டார். புண் கட்டும் அறையைக் கேட்டு வாங்கலாம். ஆள் பற்றாக்குறைதான், கொடுப்பார்கள். போன மாதம்கூட, "வருகிறீர்களா?" என்று அவரே கேட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.