மழையில் முந்திய எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவர், மார்த்தாண்டம் போகும் சாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த, இடது காலை இழுத்து நடக்கும் பெரியவர். அதற்கு முன்பு அவர் கார்ப் பந்தயத்தில் தென்னாட்டின் முதல் ஆளாக நின்றவர் என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியாது. அவரே சொல்லிக்கொண்டதில்லை. அதனால் தங்கை நான் சொல்கிறேன்.

அருமனை ஊரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். அப்பா ஒரு பழைய ஜீப்பில் ரப்பர் ஷீட் ஏற்றிப் பிழைத்தவர். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே மேலும் கீழுமாக வளையும் செம்மண் பாதைகள். மழை பெய்தால் சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். அந்தப் பாதைகளில்தான் அண்ணன் வண்டி ஓட்டப் பழகினார். பாரம் இறக்கிய ஜீப்பை அவர் இறக்கத்தில் விட்ட வேகத்தைப் பார்த்துவிட்டு அப்பா சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அண்ணன் சென்னைக்கு ரயிலேறினார்.

அங்கே அவர் வேலைக்குச் சேர்ந்த கேரேஜின் முதலாளிக்குப் பந்தயப் பித்து. நகருக்கு வெளியே, கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுபாதையில் பீப்பாய்களை அடுக்கி வைத்துப் பந்தயம் நடக்கும். முதலாளியின் காரைப் பழுது பார்க்கப் போன அண்ணன், அதே காரைச் சோதித்துப் பார்க்க ஒரு சுற்று ஓட்டினார். பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, “அடுத்த பந்தயத்துக்கு நீயே உட்காரு” என்று சொல்லிவிட்டார். அந்தப் பந்தயத்திலேயே வென்றார். மாலையும் கழுத்துமாக அவர் நிற்கும் படம் நாளிதழில் வந்தது. அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். “வண்டி இவனுக்குச் சொந்தமில்லேல்லா? பின்னே எதுக்கு இந்தச் சிரிப்பு?” என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார்.

மறு வருடம் பந்தயத்தில் முன்சக்கரம் கழன்று கார் உருண்டது. உயிர் தப்பியது கடவுளின் கிருபை. ஆனால் இடது காலில் முழங்காலுக்குக் கீழே பலம் திரும்பவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினோம். அம்மா அழுதார்கள். அந்த அழுகைக்குள், இனி மகன் வீட்டோடு இருப்பான் என்ற நிம்மதியும் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். “ஏட்டி, ஜீப்புல ஏறு.”

“எதுக்கு?”

“எனக்கு கிளட்ச் சவுட்ட முடியாது. நான் ‘ம்’ன்னு சொல்லும்போ நீ சவுட்டு.”

நான் இடப்பக்கம் உட்கார்ந்து, வலது காலை அவர் பக்கம் நீட்டி மிதிக்க, அவர் கியர் மாற்ற, ஜீப் குதித்துக் குதித்துப் போனது. ஆசிரியர் பயிற்சி முடித்த பெண் இப்படியா என்று தெருவே சிரித்தது. திரும்பி வந்தபோது அப்பா வாசலில் நின்றிருந்தார். திட்டு விழப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்பா கேட்டது இதுதான்: “மோட்டார் சைக்கிள்ல கிளட்ச் கையிலதானே இருக்கு?”

அண்ணன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அப்பாவும் அண்ணனும் கொல்லன் பட்டறைக்குப் போனார்கள். கியர் கம்பியிலேயே ஒரு கைப்பிடி வைத்து, அதிலிருந்து கிளட்சுக்கு வயர் இழுத்தார்கள். முதலில் வைத்தது ஒடிந்தது. அடுத்ததன் வயர் அறுந்தது. கடைசியில் ஒன்று நின்றது. அதே அமைப்பைச் சென்னையில் முதலாளியின் காரிலும் பொருத்தினார்கள்.

பந்தயம் நடத்தியவர்கள் அனுமதிக்க மறுத்தார்கள். “கால் சரியில்லாதவரை எப்படி விடுவது? மற்றவர்களுக்கும் ஆபத்து” என்றார்கள். அண்ணன் வாக்குவாதம் செய்யவில்லை. “ஒரு சுற்று ஓட்டிக் காட்டுகிறேன். அதற்குப் பிறகும் வேண்டாமென்றால் போய்விடுகிறேன்” என்றார். ஓட்டினார். அனுமதித்தார்கள்.

அந்தப் பந்தயத்துக்கு அப்பாவும் நானும் போயிருந்தோம். கார்கள் கிளம்பிய சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. விலை உயர்ந்த வண்டிகள் ஒவ்வொன்றாகச் சறுக்கிப் பீப்பாய்களில் மோதின, சில ஓரம் கட்டின. அண்ணனுடைய கார் வளைவுகளில் பின்பக்கம் வழுக்க வழுக்க, அதற்கு ஏற்றபடி திரும்பி ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா நனைந்தபடி என் தோளைப் பிடித்துக் கேட்டார்: “ஏட்டி, முன்னால போறது நம்ம பயலா?”

“ஆமா அப்பா, அண்ணன்தான்.”

“மழைன்னா அவனுக்கு நம்ம ரோடாக்கும்” என்றார். கூட்டம் கைதட்டியபோது அப்பா தட்டவில்லை. தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அதன் பிறகும் சில ஆண்டுகள் அண்ணன் தொடர்ந்து வென்றார். முதல் மகள் பிறந்த வருடத்தில் திடீரென்று நிறுத்திக்கொண்டார். அண்ணியைக் குற்றம் சொன்னவர்கள் உண்டு. அண்ணன் என்னிடம் சொன்ன காரணம் வேறு. “வளைவுல பயம் வந்துட்டு. பயந்தவன் ஓட்டினா கூட ஓட்டுதவனுக்கும் கேடு.” வெற்றியில் இருக்கும்போது இதைச் சொல்லிவிட்டு எழுந்து வர எத்தனை பேருக்கு மனம் வரும்?

ஊருக்குத் திரும்பி ஒர்க்‌ஷாப் தொடங்கினார். முன்கோபக்காரர்தான், பிரேக் சரியில்லாத வண்டியைக் கொண்டுவந்து “நாளைக்குப் பாக்கலாம்” என்றவர்களைத் துரத்தி அடித்திருக்கிறார். ஆனால் அவர் சரிபார்த்து அனுப்பிய வண்டியில் ஏறினால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஊரில் சொல்வார்கள்.

கடைசி மாதங்களில் இதயம் தளர்ந்தது. அல்லும் பகலும் உடனிருந்த அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும், கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஜெபித்த போதகருக்கும் சபையாருக்கும், சோறு பொங்கிக் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸின் ஓட்டுநர். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அண்ணன் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. அன்றும் மூக்கிலிருந்த குழாயை விலக்கிவிட்டு, “மக்கா, கியரைக் குறை. இன்ஜின் திணறுது” என்றார். அந்த மனிதர் முகம் சுளிக்காமல், “சரி அண்ணாச்சி” என்று குறைத்தார். களியக்காவிளை தாண்டும்வரை அண்ணன் கண்ணை மூடி இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “நீ நல்லா ஓட்டுதே.”

அதற்குப்பின் அவர் எங்களோடு பேசவில்லை. பெயர் தெரியாத அந்தச் சகோதரரே, எங்கள் அண்ணன் இப்படி இன்னொருவரைப் பாராட்டி நாங்கள் கேட்டதே இல்லை.