வழிமொழிய ஆளில்லை

மாவட்ட வாலிபால் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தபோதுதான் அவர்களுக்கு என் நினைவு வந்தது. கல்லூரி நாட்களில் மாவட்ட அணிக்கு ஆடியவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு புகுந்த ஊரான இளம்பிள்ளையில் சேலைக் கடையோடு சரி. எனக்குப் பயிற்சி கொடுத்தவர்தான் இப்போது சங்கத் தலைவர். அவரே கடைக்கு வந்து, "அம்மிணி, நீ வந்தா சங்கத்துக்கே பெருமை" என்றார். அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் கூட்டத்தில் சால்வை போட்டார்கள், படம் எடுத்தார்கள். நான் கேட்டது ஒன்றுதான். பையன்கள் மண் தரையில் ஆடுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வெடித்துப்போன சிமெண்டுத் தளம். குதித்து இறங்கினால் முழங்கால் என்னாகும்? காலையில் மட்டுமாவது மண் தரையை அவர்களுக்கு விடுங்கள்.

"பாத்துக்கலாம் அம்மிணி" என்றார் தலைவர். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் நம்பினேன்.

சங்ககிரியில் லாரி ஓட்டுகிறவரின் மகள் ஒருத்தி அணியில் இருந்தாள். அவள் உயரத்துக்குக் குதிக்க வேறு ஆள் இல்லை. மழை விட்ட ஒரு காலையில் பந்தை அடித்துவிட்டு இறங்கியவள், தளத்தின் வெடிப்பில் கால் மாட்டி விழுந்தாள். முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கண்டதும் அவள் அப்பா எழுந்து நின்றார்.

"நீங்க உள்ள இருக்கறீங்கங்கற தைரியத்துலதானுங்க அனுப்புனேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த கூட்டத்தில், சங்கத்தின் ஆண்டு விழா மேடைக்கு எந்தப் பக்கம் படி வைப்பது என்று வெகுநேரம் பேசினார்கள். நான் எழுந்து, மண் தரை பெண்களுக்கும் வேண்டும் என்று தீர்மானமாகவே முன்மொழிந்தேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். செயலாளர் செல்போனைப் பார்த்தார். என் காலத்தில் ஆடிய பொருளாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அடுத்த விசயத்துக்குப் போலாமுங்களா?" என்றார் செயலாளர்.

கூட்டம் முடிந்து தலைவர் என் வண்டி வரை வந்தார். "நீ இன்னமும் ஆட்டக்காரியாவே பேசற அம்மிணி. உள்ள வந்துட்டா பொறுமை வேணும்."

"எது வரைக்கும் சார்?"

அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

விலகிவிடத்தான் நினைத்தேன். என் இடத்துக்குச் செயலாளரின் மனைவியைப் பேசி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனம் மாறியது. கூட்டம்தோறும் அதே தீர்மானத்தோடு போனேன். புதிதாக இன்னொரு பெண் குழுவுக்கு வந்து வழிமொழிந்த பிறகுதான் அது நிறைவேறியது.

பெண்கள் மண் தரையில் இறங்கிய அன்று, கால் அடிபட்ட அந்தச் சங்ககிரிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். ஆட்டத்தை விட்டுவிட்டு, லாரி புக்கிங் ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளைக்கு வந்து பாரு சாமி."

"லீவு கிடைக்காதுங்கக்கா" என்றாள். பிறகு அவளே, "அங்க வந்தா குதிக்கோணும்னு தோணும். வேண்டாங்கக்கா" என்றாள்.

அதற்கு மேல் நான் கூப்பிடவில்லை.