அர்மான் மாட்டிய கம்பிகள்

"நான் மாட்டின கம்பியை மேயர் வந்தாலும் அசைக்க முடியாது, மேயரோட மாமனார் வந்தாலும் அசைக்க முடியாது. ஏன், நானே வந்து நின்னாலும் அது வழி விடாது."

தன் ஓய்வு விருந்தில், ஒரு கையில் ஒயினும் மறு கையில் வாத்துக்கறியுமாக நின்று அர்மான் பூத்தினோ இப்படி முழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். அட்லாண்டிக் கரையோரம் முப்பது வருடமாக அந்த மகான் ஆற்றிய தொண்டு அப்படி. கடலைப் பார்த்து வண்டி நிறுத்தும் திடல் எங்கே இருந்தாலும், அதன் வாசலில் இரண்டு தூண் நட்டு, இரண்டு மீட்டர் உயரத்தில் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி மாட்டிவிடுவார். கார் நுழையும். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் முதுகில் சுமந்துகொண்டு ஊர் ஊராய்ப் போய் ஓசியில் தூங்குகிற வீட்டுவண்டி நுழையாது. மேயர்களுக்கு அவர் செல்லப்பிள்ளை. சாலை போடுகிறேன் என்று சொல்லிப் போடாத மேயர் உண்டு. கம்பி போடுகிறேன் என்று சொல்லிப் போடாத மேயர் அந்தக் கரையில் பிறக்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் அர்மான் ஒரு வீட்டுவண்டி வாங்கினார். உயரம் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

கேட்டது அவர் மனைவி ஒதில். நிபந்தனையும் அவருடையதே.

"ஆகஸ்ட்ல எங்க போகணும், என்னைக்கு என்ன திங்கணும்னு ஜனவரியிலயே நீ எழுதி மாட்டிடுவ. இந்தத் தடவை திட்டம் கிட்டம் ஒண்ணும் வேணாம். கடல் தெரியற இடத்துல நிறுத்து. கடலைப் பாத்து நான் கண்ணு முழிக்கணும், அவ்வளவுதான்."

"இந்தக் கரை எனக்குத் தலகீழ் பாடம்," என்றார் அர்மான். பாடம்தான். எழுதியதே அவர்தானே.

பயணத்தின் முதல் நாள் மாலை துறைமுகத் திடலுக்குப் போனார்கள். வாசலில் கம்பி. அர்மான் கொதித்தார். "மனுசன் ஒரு ராத்திரி கண்ணசந்தா இவனுங்க கடல் வத்திப் போயிடுமா?"

"இது யார் மாட்டினது?" என்றார் ஒதில்.

"அது தொழில். இது அக்கிரமம். ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

அன்றிரவு சூப்பர்மார்க்கெட் வாசலில், தள்ளுவண்டிகளுக்குப் பக்கத்தில் படுத்தார்கள். மறுநாள் மணல்மேட்டில் கம்பி. கல்லறைச் சுவர் ஓரம் படுக்கை. அதற்கும் மறுநாள் கலங்கரை விளக்கத்தடியில் கம்பி.

"நீ மாட்டினதுதானே, கழட்டேன்," என்றார் ஒதில்.

"கழட்டுற மாதிரி மாட்டுறவன் நான் இல்லை."

அன்றிரவு தொழிற்பேட்டையில் படுத்து, டயர் கடைக்கு எதிரே கண்விழித்தார்கள். அர்மான் டயர் கடைக்காரனைத் திட்டினார், நகராட்சியைத் திட்டினார், கூரைமேல் எச்சமிட்ட கடற்காக்கையை அதன் பரம்பரையோடு திட்டினார். திட்டப்படாமல் மிச்சமிருந்த ஒரே ஆள் அந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

நான்காம் நாள் மானத்தை விட்டு, காசு வாங்கிக்கொண்டு வண்டி நிறுத்த இடம் தரும் முகாமுக்கே போனார்கள். பல் வரிசைபோல வெள்ளை வண்டிகள் நின்றன. வாசலில் இருந்தவன், "புக் பண்ணிட்டீங்களா ஐயா?" என்றான்.

"தூங்கறதுக்கு என்னய்யா புக்கிங்? இது என்ன ஆபரேஷனா?"

"அப்ப இடம் இல்லீங்க."

அடுத்த கால்மணி நேரம் அர்மான் குடியரசைப் பற்றியும் அதன் குடிமக்களைப் பற்றியும் சொன்னவற்றை அச்சிட முடியாது. திரும்பி வந்து வண்டிக் கதவை அறைந்து சாத்தினார். ஒதில் நிதானமாகச் சொன்னார்:

"காலைல என்னை ஸ்டேஷன்ல இறக்கி விட்டுடு. அக்கா வீட்டுக்குப் போறேன்."

"கோவமா?"

"கோவமெல்லாம் உன்கிட்டயே இருக்கட்டும், எனக்குப் பங்கு வேணாம். டயரைப் பாத்து என்னால எழுந்திரிக்க முடியல, அர்மான்."

அவர் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினார்.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு சின்ன விரிகுடாவை அடைந்தார்கள். வாசலில் கம்பி. அதற்கு முன்னால் இன்னொரு வீட்டுவண்டி முட்டிக்கொண்டு நிற்க, அரைக்கால் சட்டை போட்ட லில் நகரத்துக்காரர் ஒருவர் தூணை உதைத்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கழுதை இதைச் செஞ்சிருப்பான், சொல்லுங்க பாப்போம்?"

"வெல்டிங் நல்லாத்தான் இருக்கு," என்றார் அர்மான்.

"வெல்டிங்கைப் பாராட்டவா ஆயிரம் கிலோமீட்டர் வந்தேன்? செஞ்சவன் இன்னைக்கு ராத்திரி நின்னுக்கிட்டே தூங்கணும்."

இன்னொரு சமயமாக இருந்தால் அங்கேயே கைகலப்பு ஆகியிருக்கும். அர்மான் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தார். ஒதில் பரணிலிருந்து கைப்பையை இறக்கி, இரவு உடுப்பை மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை.

தீயணைப்பு வண்டி போவதற்காக அந்தக் கம்பிகளில் ஒரு பக்கம் கீல், மறுபக்கம் பூட்டிய ஆணி. அர்மான் ஆணிப் பக்கத் தூணருகே போய், யாராவது பார்க்கிறார்களா என்று நோட்டம் விட்டு, கம்பியின் நுனிக்குக் கீழே தோளைக் கொடுத்து ஒரு எக்கு எக்கினார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. மட்டமான மெல்லிய ஆணி மட்டும் துளையிலிருந்து நழுவி, அவர் காலடியில் விழுந்தது. கம்பி வாயிற்கதவு போலத் திறந்துகொண்டது.

லில்காரர் தன் வண்டியை நோக்கி ஓடினார்.

ஒதில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"எல்லாக் கம்பியும் இப்படித்தானா?"

"ம்."

"துறைமுகத்துல இருந்ததும்?"

"நல்ல ஆணிக்கு விலை ஜாஸ்தி," என்றார் அர்மான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"மூணு ராத்திரி, அர்மான்."

கடற்காற்று கம்பியைத் திரும்பச் சாத்தப் பார்த்தது. அர்மான் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீயே ஓட்டிட்டுப் போ," என்றார் மெல்ல. "நான் பிடிச்சுக்கறேன்."

ஒதில் ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்தார்.