ஏழுமலை மாற்றாத டிஸ்க் பிளேட்

உதிரி பாகக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வாங்க வருவதில்லை. வாங்காமல் இருக்க ஒரு காரணம் கேட்டுப் போக வருகிறார்கள். உங்களில் பைக் சாமான் விற்கிறவர்கள் இருந்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். புதுப்பட்டினத்தில் என் கடைக்கு அப்படி வந்தவர்களில் முதல் பரிசு மீன் வியாபாரி ஏழுமலைக்கு. குப்பத்தில் மீனை ஏலம் எடுத்து, பைக்கின் பின்னால் பெட்டியைக் கட்டி, நடுவில் மனைவி செல்வியை உட்கார வைத்து, தினமும் காலையில் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போகிறவர்.

சோத்துத் தட்டு

முன் பிரேக் பிடித்தால் ஹேண்டில்பார் நடுங்குகிறது என்று வந்தார். குனிந்து பார்த்தேன். பிரேக் பேடு கவ்விப் பிடிக்கிற டிஸ்க் பிளேட் முழுக்கக் கோடு கோடாகப் பள்ளம். ஓரத்தில் மட்டும் நகம் மாட்டுகிற அளவுக்கு ஒரு வரப்பு நின்றது. மற்ற இடமெல்லாம் தேய்ந்து இறங்கியிருந்தது. எவ்வளவு மெலிந்தால் தூக்கிப் போட வேண்டும் என்பதை, தகட்டைச் செய்த கம்பெனிக்காரர்கள் அதிலேயே குத்தி வைத்திருப்பார்கள். அளந்தேன். அந்த எல்லைக்கு ஒரு மயிரிழைதான் மிச்சம்.

"லேத்துல குடுத்துச் சீவவும் இதுல சதை இல்ல. மாத்திடு" என்றேன். ஏழுமலை தகட்டை விரலால் சுண்டினார். டங் என்றது. "இன்னாண்ணாத்த, சோத்துத் தட்டு கணக்கா கணகணன்னு கீது, இதப் போயி செத்துப்போச்சுன்றியே!"

எண்ணெய் வைத்தியம்

கடலோரத்தில் இரும்பு என்று எது கண்ணில் பட்டாலும் எண்ணெய் பூசுவார்கள். படகு இன்ஜின், கதவுக் கீல், பூட்டு, எதுவும் தப்பாது. உப்புக் காற்று ஒரே ராத்திரியில் துருவேற்றிவிடும் என்பதால் நல்ல பழக்கம்தான். அந்த நல்ல பழக்கத்தை ஏழுமலை டிஸ்க் பிளேட்டுக்கும் விரிவுபடுத்தினார். கிறீச் என்று சத்தம் வருகிறதாம். படகு இன்ஜினுக்கு ஊற்றும் ஆயிலைத் துணியில் நனைத்து இரண்டு பக்கமும் பளபளவென்று துடைத்துவிட்டார்.

என் கடை வாசலில் நிறுத்த வந்தவர் கடையைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, கோழிக்கடை முன்னால் இரண்டு செருப்பையும் ரோட்டில் தேய்த்து நின்றார். பிரேக் பிடிக்கவில்லை என்று சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி நடந்து வந்தார். "சத்தம் வந்துச்சா? வரல இல்ல? நீ இன்னான்னா மாத்து மாத்துன்ற!"

மச்சானின் உதவி

எண்ணெய் குடித்த பிரேக் பேடைக் குப்பையில் போட்டுவிட்டுப் புது பேடு கொடுத்தேன். பிளேட்டைத் தொட விடவில்லை. அதற்கு அவருடைய மச்சான் இருந்தான். பாபு, செல்வியின் தம்பி. மறைமலைநகரில் வண்டிச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் அடையாள அட்டையைக் கழுத்தை விட்டுக் கழற்றாதவன். கம்பெனி பஸ்ஸில் பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு போய், அங்கே தெரிந்த ஒரு லேத்துப் பட்டறையில் கொடுத்துச் சீவி எடுத்து வந்தான்.

முகம் பார்த்துச் சவரம் செய்யலாம், அப்படி மின்னியது. பள்ளம் இல்லை, வரப்பு இல்லை. தகட்டில் குத்தியிருந்த எல்லை மட்டும் அப்படியே இருந்தது. தகடுதான் அதைத் தாண்டி மெலிந்துபோயிருந்தது. சூடேறினால் வளையும், வளைந்தால் ஒரு நாள் விரிசல் விடும் என்று சொல்லிப் பார்த்தேன். பாபு என்னை இரக்கத்தோடு பார்த்தான். "மேடு பள்ளம் எல்லாத்தையும் சீவிட்டேண்ணா, இனிமே தேயறதுக்கு அதுல ஒண்ணுமே கெடையாது!"

பஸ்ஸுக்குப் பின்னால்

இது செல்வி சொன்னது. திருக்கழுக்குன்றம் தாண்டி முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. ஏழுமலை பிரேக்கை அழுத்தினார். கைப்பிடி உதறியதே தவிர வண்டி நிற்கவில்லை. ஓரமாக ஒடித்து மண்ணில் இறக்கியதால் பஸ்ஸுக்கு அடியில் போகவில்லை. செல்விக்கு முழங்கால் சிராய்ப்பு. பெட்டி உடைந்து மீனும் ஐஸும் ரோட்டில் பரவிக் கிடந்தன. அவள் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது, பஸ் ஜன்னலிலிருந்து ஒரு பெரியவர் தலையை நீட்டிக் கேட்டாராம்: "கானாங்கெளுத்தி கூறு இன்னா வெல?"

அவர் தனியாகப் போன மார்க்கெட்

மறுநாளிலிருந்து செல்வி பஸ்ஸில்தான் வருவேன் என்றாள். மீன் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். அது பைக்கில் வரட்டும், தான் மட்டும் வரவில்லை என்றாள். ஆனால் அவள் பஸ் பிடித்துச் சேருவதற்குள் மார்க்கெட் பாதி முடிந்துவிடும். குப்பத்தில் வாங்குவது ஆண்கள், மார்க்கெட்டில் விலை பேசி விற்பது பெண்கள் என்பது வழக்கம். ஏழுமலைக்குப் பேரம் பேச வராது. யாராவது செவுளைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தால், "ஆமாங்க, நேத்து மீனுதான்" என்று தானே ஒப்புக்கொள்கிற ரகம்.

சில நாளிலேயே வெறும் கையோடு என் முன்னால் நின்றார். செத்துப் பிழைத்தது அவரை அசைக்கவில்லை. வியாபாரம் படுத்தது அசைத்துவிட்டது. "புதுசே போடு அண்ணாத்த. அந்த மார்க்கெட்டுப் பொம்பளைங்க என்னை உயிரோட திங்கிறாளுங்கோ."

எதிரில் நிற்க ஓர் ஆள்

புது பிளேட் மாட்டியதும் செல்வி வந்தாள். உடனே ஏறவில்லை. தம்பியைக் கூப்பிட்டாள். "பாபு, நீ போயி அந்தக் கரண்டு கம்பத்தாண்ட நில்லு. மாமா வேகமா வந்து உன் முன்னால பிரேக் புடிக்கட்டும். பழசச் சீவுனது நீதான?"

பாபு போய் நின்றான். ஏழுமலை முறுக்கிக்கொண்டு கிளம்பினார். வண்டி பாதி தூரம் வருவதற்குள் பாபு சாக்கடையைத் தாண்டி அந்தப் பக்கம் குதித்துவிட்டான். வண்டி கம்பத்துக்கு வெகு முன்னாலேயே சத்தமில்லாமல் நின்றது. செல்வி சிரிக்காமல் தம்பியைப் பார்த்தாள். அவன் அடையாள அட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "பிளேட் மேல நம்பிக்க கீதுக்கா, மாமா மேலதான் இல்ல."

தேய்ந்ததை மாற்றச் சொல்ல என்னைப் போல ஊருக்கு ஒரு கடைக்காரன் போதும். மாற்ற வைக்கத்தான் வீட்டில் ஒருவர் வண்டியை விட்டு இறங்க வேண்டியிருக்கிறது.