இரண்டும் நியாயம்

நேற்று சின்னசேலம் மர அறுவைப் பட்டறையைக் கடந்தபோது பச்சைப் புளியமரம் அறுபடும் வாசனை வந்தது. எல்லோருக்கும் அந்த வாசனையில் புளியோதரை நினைவு வரும் போலிருக்கிறது. எனக்கு ஒரு பழைய சாலை மறியல்தான் நினைவு வரும்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்த வருடங்கள் அவை. கள்ளக்குறிச்சி டுட்டோரியலில் நான் கணக்குப் பதிவியல் சொல்லிக்கொடுத்தேன், சுமாராகத்தான். ரோஸ்லின் டீச்சருக்குத் தர்க்கம். நைனார்பாளையத்துக்காரர். திருச்சியில் தத்துவம் படித்து, வாதம் செய்வது பற்றி ஒரு புத்தகமும் எழுதியவர். அதை வாங்கியவர்களில் நான் ஒருவன், படிக்காதவர்களிலும் ஒருவன். அதன் சாரம் மட்டும் தெரியும்: எதிராளியின் கட்சியை, அதாவது அவன் பக்க நியாயத்தை, அவனே தலையாட்டும்படி முதலில் நீ சொல், பிறகு உன் கட்சியைச் சொல்.

சென்னையில் ஒரு கல்லூரி வேலைக்கு ஒருநாள் மதியம் அவருக்கு நேர்காணல். அதை விட்டால் வயது தாண்டிவிடும். காலைப் பேருந்தில் துணைக்கு நான். உளுந்தூர்பேட்டைக்கு முன்னாலேயே சாலைக்குக் குறுக்கே புளியமரம் கிடந்தது. வெட்டுவாயில் ஈரம் காயவில்லை. எங்கிருந்தோ வந்த கல் முன்கண்ணாடியை நொறுக்கியது. நான் சீட்டுக்கு அடியில் இருந்தேன். டீச்சர் இறங்கிவிட்டார்.

கோடாலியோடு நின்ற இளைஞன், "வண்டில ஏறுங்கம்மா, கல்லு பட்டுடப் போவுது" என்றான்.

"ஒங்க கட்சிய நான் சொல்றேன் தம்பி. தப்புன்னா நிறுத்துங்க. காட்டுல ஒழைக்கறது நீங்க. ஆபீசுல ஒங்க புள்ளைங்க ஒருத்தரும் இல்ல. மனு குடுத்து ஓஞ்சி போனீங்க. ரோட்ட மறிச்சாத்தான் திரும்பிப் பாக்கறாங்க. சரியா?"

மறியல் கூட்டம் கிட்டே வந்துவிட்டது. "எங்க ஆளுங்களே இப்பிடி சொன்னதில்லீங்க" என்றான் அவன்.

"இப்ப எங்கட்சிய நீங்க சொல்லுங்க." நேர்காணல் விஷயத்தைச் சொன்னார்.

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "இன்னிக்கி போவலன்னா ஒங்க படிப்பே வீணு. எங்க நாயத்துக்கு நீங்க ஏன் அழியணும்னு கேக்கறீங்க."

டீச்சர் தலையாட்டினார். மரம் நகர்ந்துவிடும் என்றே நம்பி நானும் கீழே இறங்கியிருந்தேன்.

"ரெண்டும் நாயந்தாம்மா. ஒங்களுக்கு எடுத்தா எல்லாருக்கும் எடுக்கணும். எடுக்க மாட்டோம்."

டீச்சர், "சரி தம்பி" என்று திரும்பினார்.

கண்ணாடி இல்லாத அந்தப் பேருந்திலேயே ஊர் திரும்பினோம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கொஞ்சம் கெஞ்சியிருந்தா உட்டிருப்பான் டீச்சர்!"

"உட்டிருப்பான். அதுக்கு மேல பசங்களுக்கு நான் இன்னாத்த சொல்லிக் குடுக்கறது?"

கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு வழியெல்லாம் அழுதார்.

டுட்டோரியல் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. தர்க்கம் படிக்க இந்தப் பக்கம் யாரும் சேர்வதில்லை. டீச்சரும் போய்ச் சேர்ந்துவிட்டார், கடைசிவரை டுட்டோரியல் வாத்தியாராகவே. அந்தச் சென்னை வேலைக்கு அவரைவிடத் தகுந்த ஆள் இருந்திருக்க முடியாது என்று இன்றும் அடித்துச் சொல்வேன். கெஞ்சித் தொலைத்திருக்கலாம் அந்தப் பெண்பிள்ளை.