வாசலில் கழற்றிய செருப்பு

வெள்ளைக்காரர்கள் சுற்றுலா வருகிற எல்ல என்ற ஊரில், ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனுக்கு ஆள் தேடினார்கள். அந்த வேலை கிடைக்காவிட்டால் அம்மாவைப் போல எனக்கும் தேயிலைக் கொழுந்துக் கூடைதான். எனக்கு இங்கிலீஷ் ஓரளவு வரும். வினைச்சொல்லுக்குப் பின்னால் வால் மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிற குட்டிச் சொற்கள்தான் வராது. லுக் அட் என்றால் பார்ப்பது, லுக் ஃபார் என்றால் தேடுவது, லுக் ஆஃப்டர் என்றால் கவனித்துக்கொள்வது. ஒரு சொல்லுக்கு எத்தனை வால்! வெள்ளைக்காரன் தேயிலையோடு நிறுத்தியிருக்கலாம்.

லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீட்டில், பரீட்சை வைத்தது அம்மா. இங்கிலீஷில் அவருக்கு ஓரெழுத்தும் தெரியாது. விடைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொப்பியை அவரிடம் கொடுத்திருந்தேன். மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் அகப்பையும் கையுமாக அடுப்படியில் நின்று கேட்பார்.

"நாய்க்குட்டியப் பாத்துக்கிறேன்னு சொல்லு."

"லுக் ஃபார்."

"தேடிக்கிட்டே இருந்தா அதுக்கு யாருடி சோறு வைக்கிறது? செத்துப் போயிரும்!"

இன்டர்வியூ அன்று காலை அவர் சொன்ன ஒரே புத்திமதி, "தொரை ரூமுக்குள்ள செருப்போட ஏறிராத" என்பது. தோட்ட ஆபீஸ் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றே பழகியவர். நானும் பெரிய புத்திசாலி மாதிரி ஹோட்டல் வாசலில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்தேன். டைல்ஸ் சில்லென்று ஏறியது. மூன்று வாலும் பிசகாமல் வந்தன.

மேனேஜர் மேசைக்குக் கீழே எட்டிப் பார்த்தார். "செருப்பு எங்கே?"

சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் ஆறவில்லை. அம்மாவோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறையில், அம்மா ஹோட்டலைப் பார்க்க வந்தார். நான் வாசலுக்குப் போவதற்குள் இரண்டு வெள்ளைக்காரர்கள் சேறு அப்பிய சப்பாத்துகளோடு அவரைத் தாண்டி உள்ளே போனார்கள். அம்மா குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"போட்டுக்கிட்டே வாங்கம்மா. இங்க யாரும் கழட்ட மாட்டாங்க."

"செருப்போட வந்தா எனக்கு நடக்கவே வராது" என்றவர், செருப்பைக் காட்டி ரிசப்ஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "லுக் ஆஃப்டர்!"

உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜரும்தான். எனக்குக் கோபம் வந்தது, இந்தத் தடவை அம்மா மேல் இல்லை. என் சப்பாத்தையும் கழற்றி அவர் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். டைல்ஸ் அன்றைக்குப் போலவே சில்லென்றுதான் இருந்தது.